வண்டி தானாக ஓடியது, கையெழுத்து என்னுடையது: குற்றம் யார் தலையில்?

வளையக்காரன் கேட்டது:

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பதில் சொல்லுங்கள். தத்துவம் படித்தவர்களும் வரலாம். ஆனால் கேட்கும் நான் மூன்று வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நான் ஒரு பெரிய கிடங்கில் ஓட்டுநர் இல்லாத வண்டிகளைக் கவனித்துக்கொள்பவன். மொத்தம் 14 வண்டிகள். மரப்பலகைமேல் அடுக்கிய சரக்கை ஒரு மூலையில் எடுத்து இன்னொரு மூலையில் தாமாகவே கொண்டுபோய் இறக்கும். ஒவ்வொன்றின் மூக்கிலும், தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில், லேசர் ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. அது முன்னால் விசிறிபோல ஒரு பரப்பை ஓயாமல் தடவிக்கொண்டே வரும். அந்தப் பரப்பில் நாங்கள் இரண்டு வளையம் போடுவோம். வெளிவளையத்துக்குள் ஏதாவது வந்தால் வண்டி வேகத்தைக் குறைக்கும். உள்வளையத்துக்குள் வந்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வெட்டிவிட்டு பிரேக் பிடிக்கும். வந்தது மனிதனா, அட்டைப்பெட்டியா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. எத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அந்தச் சென்டிமீட்டரை மடிக்கணினியில் வரைந்து வண்டியில் ஏற்றுவது என் வேலை. பெயர்க் காரணமும் அதுதான்.

சரக்கைச் சுற்றி பிளாஸ்டிக் படலம் சுற்றியிருப்பார்கள். அதன் வால் சில நேரம் தொங்கும். இறக்கும் இடத்தில் அந்த வால் வளையத்துக்குள் ஆடினால் வண்டி நின்றுவிடும். ஒரு ஷிப்டுக்கு 30, 40 தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் நடந்து போய், வாலை உள்ளே செருகிவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். 'இதற்கு ஒரு வழி பண்ணுங்கள்' என்று மேலே இருந்து சொன்னார்கள். பண்ணினேன். இறக்கும் இடத்தில் மட்டும் உள்வளையத்தை 60 சென்டிமீட்டரிலிருந்து 25 ஆக்கினேன். மாற்றப் படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்தில் 'தேவையற்ற நிறுத்தங்கள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நிறுத்தங்கள் நாலைந்தாகக் குறைந்தன. கூட்டத்தில் கைதட்டல் கூடக் கிடைத்தது.

ஏழு வாரம் கழித்து அதே இடத்தில் ஒருவர், கீழே விழுந்த பார்கோடு கருவியை எடுக்கக் குனிந்திருக்கிறார். வண்டி நின்றது. நின்றபோது அதன் விளிம்பு அவருடைய பூட்ஸ் நுனிமேல் இருந்தது. இரும்பு நுனி வைத்த பூட்ஸ் என்பதால் விரலுக்கு ஒன்றும் இல்லை, தோலில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். அவர் சிரித்துக்கொண்டே கழற்றிக் காட்டினார். பள்ளத்தில் என் கட்டைவிரல் நுனி சரியாக உட்கார்ந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசாரணை நடந்தது. முடிவு என்ன தெரியுமா? 'திரைக் கண்காணிப்பாளர் உரிய நேரத்தில் நிறுத்தப் பொத்தானை அழுத்தத் தவறினார்.' அவருக்கு எச்சரிக்கைக் கடிதம். 14 வண்டிக்கும் சேர்த்து ஒரு திரை, ஒரு நாற்காலி, ஒரு ஜோடிக் கண். என் படிவத்தைப் பற்றி அறிக்கையில் ஒரு வரி இல்லை. அந்த அறிக்கைக்கு வேண்டிய பதிவுகளை எடுத்துக்கொடுத்தவன் நான்தான்.

என் கேள்வி இதுதான். பூட்ஸ் இருந்த இடத்தில் தலை இருந்திருந்தால், அவர் செத்திருந்தால், குற்றவாளி யார்? நானா, திரைக்காரரா, 'வழி பண்ணுங்கள்' என்றவரா, ஸ்கேனர் செய்தவரா? 'வண்டிதானே முடிவெடுத்தது, யாரைச் சொல்வது' என்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பேச்சு சட்டத்தில் நிற்குமா?

நிழல்:

பழைய டிராலி சிக்கல்தானே இது! பிரேக் இல்லாமல் ஓடிவரும் டிராலி, தண்டவாளத்தில் ஐந்து பேர், பக்கப் பாதையில் ஒருவர்; எந்தப் பக்கம் திருப்புவது? 2016-லிருந்து அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் இணையத்தில் ஒரு விளையாட்டு மாதிரி வைத்து, தானியங்கிக் கார் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். ஏறக்குறைய 4 கோடி முடிவுகள் சேர்ந்தன. அதையே வண்டியில் ஏற்றிவிட்டால் இயந்திரத்துக்கும் அறம் வந்துவிடும் இல்லையா?

வளையக்காரன்:

நண்பரே, ஆறு வருடமாக இந்த வண்டிகளோடு இருக்கிறேன். 'இவரையா அவரையா' என்று ஒரு வண்டி ஒரு தடவை கூடத் தேர்ந்தெடுத்ததில்லை. அதனிடம் இருப்பது 25 என்ற எண். அறம் என்று ஏதாவது இருந்தால் அது 60-ஐ 25 ஆக்கிய அன்றைக்குத்தான் இருந்திருக்க வேண்டும், அன்று நான் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரத்தில் இருந்தேன்.

கறுப்புக்கோட்டு:

தம்பி, குற்றவியல் வழக்குகளில் இருபது வருடத்துக்குமேல் உழன்றவள் நான். இங்கே எழுதுவது பொதுவான பேச்சு. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் வழக்குக்கு உங்கள் ஊர் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டேன், இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் 'வண்டிதானே முடிவெடுத்தது' என்பது. பொதுவாகக் குற்றத்துக்கு இரண்டு கால் வேண்டும். ஒன்று செயல், இன்னொன்று மனம். மனம் என்றால் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் மட்டும் இல்லை; ஆபத்து தெரிந்தும் துணிந்து செய்வது, தெரிந்திருக்க வேண்டியதைக் கவனிக்காமல் விடுவது, இவையும் அதில் சேரும். வண்டிக்கு இந்த இரண்டாவது கால் கிடையாது. 1386-ல் பிரான்சின் ஃபலேஸ் என்ற ஊரில் ஒரு குழந்தையைக் கொன்றதற்காக ஒரு பன்றியை விசாரித்துத் தூக்கில் போட்டார்கள். பன்றிக்காவது வலிக்கும். வண்டியைச் சிறையில் அடைத்தால் அது மின்னேற்றம் இல்லாமல் சும்மா நிற்கும், அவ்வளவுதான். 2017-ல் ஐரோப்பிய நாடாளுமன்றம், மிக நுட்பமான தானியங்கிகளுக்கு 'மின்னணு ஆள்' என்ற சட்டத் தகுதி கொடுக்கலாமா என்று ஆராயச் சொல்லித் தீர்மானம் போட்டது. அடுத்த வருடமே 150-க்கு மேற்பட்ட நிபுணர்கள் வேண்டாம் என்று திறந்த கடிதம் எழுதினார்கள். இழப்பீட்டுக்காகக் கிளம்பிய யோசனைதான் அது, இருந்தாலும் எனக்கு அதில் பயம் உண்டு. பழி சுமக்க ஒரு பொம்மை கிடைத்துவிட்டால் செய்தவன் பின்வாசல் வழியாகப் போய்விடுவான்.

இப்போது உங்கள் படிவம். நீங்கள் எழுதிய 'தேவையற்ற நிறுத்தங்கள்' என்பதைப் படித்ததும் எனக்கு டெம்பிதான் நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலம், 2018 மார்ச் 18, இரவு. ஊபரின் சோதனைக் கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண் அடிபட்டு இறந்தார். அந்த நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கையை நான் வரிவரியாகப் படித்தவள். மோதுவதற்கு 5.6 விநாடி முன்பே காரின் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் ஒரு நேரம் வாகனம் என்றது, ஒரு நேரம் 'வேறு ஏதோ' என்றது, ஒரு நேரம் சைக்கிள் என்றது. பெயரை மாற்றும்போதெல்லாம் அவர் எந்தப் பக்கமாக நகர்ந்து வந்தார் என்ற பழைய கணக்கை விட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. கடக்கும் இடம் அல்லாத இடத்தில் ஒரு மனிதர் நடந்து வரலாம் என்பதையே அந்த மென்பொருளில் யாரும் எழுதி வைக்கவில்லை. கடைசியில் 1.2 விநாடி இருக்கும்போது மோதப்போகிறோம் என்று அதற்குப் புரிந்தது. உடனே பிரேக் பிடித்ததா? இல்லை. வீண் எச்சரிக்கைக்கெல்லாம் கார் திடீர் திடீரென்று நிற்கிறது என்று, 'ஒரு விநாடி பொறு, அப்புறம் பார்' என்று மென்பொருளில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த ஒரு விநாடி அப்படியே கழிந்தது. வோல்வோ கார் அது. அதனோடு வந்த அவசர பிரேக் வசதியும் கணினி ஓட்டும்போது அணைக்கப்பட்டிருந்தது.

உங்கள் 25 சென்டிமீட்டரும் அந்த ஒரு விநாடியும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

சரி, யார்மேல் வழக்கு வந்தது? காருக்குள் கண்காணிப்புக்கு உட்கார்ந்திருந்தவர்மேல். அவர் கைப்பேசியில் நிகழ்ச்சி பார்த்துக்கொண்டிருந்தார் என்பது உண்மை, அதை மறுப்பதற்கில்லை. நிறுவனத்தின்மேல் குற்ற வழக்குப் போட அடிப்படை இல்லை என்று 2019-லேயே அரசு வழக்கறிஞர் தரப்பு சொல்லிவிட்டது. காரில் முதலில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்; பிறகு ஒருவராகக் குறைத்தது நிறுவனம். பாதுகாப்பு வாரியம் முதல் காரணமாக அந்த ஒருவரின் கவனச் சிதறலைச் சொன்னாலும், நிறுவனத்தின் ஆபத்துக் கணிப்பும் மேற்பார்வையும் போதவில்லை என்று அடுத்த வரியிலேயே எழுதியது. குற்றவியல் நீதிமன்றத்துக்கு அந்த அடுத்த வரி போய்ச் சேரவே இல்லை. கண்காணித்தவர் 2023-ல் குறைந்த குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டார். மூன்று வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு.

மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார். தமிழில் 'அறத்தின் நசுங்கு பகுதி' என்று சொல்லலாம். மோதும்போது காரின் முன்பகுதி நசுங்கி உள்ளே இருப்பவரைக் காப்பாற்றும் இல்லையா? இங்கே நடுவில் உட்கார்ந்திருக்கும் மனிதர் நசுங்கி, அமைப்பைக் காப்பாற்றுகிறார். உங்கள் திரைக்காரர் அப்படி நசுங்கியவர்தான்.

பிரிட்டன் 2024-ல் தானியங்கி வாகனங்களுக்குத் தனிச் சட்டமே போட்டது. அனுமதி பெற்ற தானோட்ட வசதி ஓடும்போது வண்டி ஓடிய விதத்துக்காக உள்ளே இருப்பவரைத் தண்டிக்க முடியாது என்பது அதன் மையம். அதைவிட எனக்குப் பிடித்தது இன்னொன்று: பாதுகாப்புத் தகவலைப் பொய்யாகக் கொடுத்தாலோ மறைத்தாலோ நிறுவனத்தின்மேலும் மூத்த நிர்வாகிகள்மேலும் குற்றம் வரும். நடைமுறைக்கு வருவது படிப்படியாகத்தான், ஆனாலும் பழி போகும் திசை மாறியிருக்கிறது.

உங்கள் கதைக்கு வருவோம். ஒருவர் இறந்து அது என் கைக்கு வந்திருந்தால் நான் கேட்டிருக்கும் கேள்விகள் இவை. 25 என்ற எண் எங்கிருந்து வந்தது? அளந்தீர்களா, குத்துமதிப்பா? வாலை வெட்டிவிடலாம் என்று யாருக்குமே தோன்றவில்லையா? உங்கள் படிவத்தை இரண்டாவது ஆள் யாராவது சரிபார்த்தாரா? இவற்றுக்கு நீங்கள் சொல்லும் பதிலில்தான் கவனக்குறைவு இருக்கிறதா இல்லையா என்பது இருக்கும்.

இன்னொன்று, பதிவுகளில் கை வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோவில் க்ரூஸ் நிறுவனத்தின் ஓட்டுநரில்லாக் கார், வேறொரு கார் மோதித் தன் முன்னால் தள்ளிவிட்ட ஒரு பெண்ணை 20 அடி இழுத்துச் சென்றது. நிறுவனம் கடைசியில் குற்றமாக ஒப்புக்கொண்டது இழுத்ததை அல்ல, இழுத்ததை விட்டுவிட்டு அறிக்கை கொடுத்ததை. 5 லட்சம் டாலர் அபராதம்.

பழைய இரும்பு:

அக்கா சொன்ன கேள்வியில் முதல் கேள்வியை நானும் கேட்கிறேன், வேறு காரணத்துக்காக. நான் கட்டுப்பாட்டுப் பொறியாளன், ஓய்வு பெற்றுவிட்டேன். தேராக்-25 என்று ஒரு கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். 1985-க்கும் 87-க்கும் இடையில் ஆறு பேருக்கு அளவுக்குமேல் கதிரைக் கொடுத்தது, சிலர் இறந்தார்கள். முந்தைய மாடலான தேராக்-20-லும் அதே மாதிரி மென்பொருள் பிழை இருந்தது. ஆனால் அதில் இரும்பாலும் கம்பியாலும் தனியாக ஒரு தடுப்பு இருந்ததால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 'தேராக்-25-ல் மென்பொருளே பார்த்துக்கொள்ளும்' என்று தடுப்பை எடுத்தார்கள்.

வளையத்தைச் சுருக்கும்போது வேறு எதைக் கூட்டினீர்கள் வளையக்காரரே? வேகத்தைக் குறைத்தீர்களா? இடுப்பு உயரத்தில் கம்பி கட்டினீர்களா? ஒன்றைக் கழித்தால் ஒன்றைக் கூட்ட வேண்டும். அப்புறம் நிற்கும் தூரத்தைச் சரக்கோடு அளந்தீர்களா, வெறும் வண்டியிலா?

ஓரத்து இருக்கை:

தத்துவம் கற்பிப்பவன். தூங்க வேண்டும் என்றீர்கள், முயற்சி செய்கிறேன்.

உங்களுடையது உண்மையில் சுலபமான கேள்வி. 2004-ல் ஆந்திரேயாஸ் மத்தியாஸ் என்பவர் 'பொறுப்பு இடைவெளி' என்று ஒன்றைச் சொன்னார். தானே கற்றுக்கொண்டு மாறும் இயந்திரம் என்ன செய்யும் என்று செய்தவராலேயே முன்கூட்டிச் சொல்ல முடியாதபோது, அவரைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. இயந்திரத்தைச் சொல்வதும் அர்த்தம் இல்லை. நடுவில் பள்ளம் விழுகிறது என்றார். உங்கள் வண்டி எதையும் கற்றுக்கொள்வதில்லை. 25 என்றால் 25. பள்ளம் இல்லை, படிவம் இருக்கிறது.

பள்ளத்துக்கு உதாரணம் வேண்டுமா? 2014-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு கலைக் குழு, வாரம் 100 டாலர் பிட்காயினைக் கொடுத்து, மறைவலைச் சந்தையில் (இணையத்தின் ஒளிவுமறைவான கடைவீதி அது) கண்ணை மூடிக்கொண்டு எதையாவது வாங்கும் ஒரு நிரலை ஓடவிட்டது. அது ஒரு வாரம் எக்ஸ்டசி என்ற போதை மாத்திரைகளை வாங்கிவிட்டது. கண்காட்சியில் வைத்தார்கள், அதிகாரிகள் வந்து பறிமுதல் செய்தார்கள். பிறகு மாத்திரையைத் தவிர எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், யார்மேலும் வழக்கு இல்லை. சிரிப்பாக இருக்கும், ஆனால் மாத்திரைக்குப் பதில் வேறு எதையாவது வாங்கியிருந்தால்?

அப்புறம் ஒன்று. நம்மிடம் இதே வழக்கு பழசாக ஒன்று இருக்கிறது, மனுநீதிச் சோழன். இளவரசன் தேர் ஓட்டுகிறான், கன்று தானாகத் துள்ளிச் சக்கரத்துக்குள் வந்து விழுகிறது. இன்றைய விசாரணை அறிக்கை என்றால் 'கன்று குறுக்கே வந்தது' என்று முதல் வரி இருக்கும். அரசன், மகனையும் அதே தேர்க்காலில் இடச் சொல்லி மந்திரியிடம் ஒப்படைக்கிறான். மந்திரிக்கு மனம் வரவில்லை, தன் உயிரை விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகுதான் அரசன் தானே தேரில் ஏறுகிறான். கன்று நினைவிருக்கிறது, மணி அடித்த பசு நினைவிருக்கிறது, அரசனுக்குச் சிலையே இருக்கிறது. நடுவில் செத்த மந்திரியை எத்தனை பேருக்குத் தெரியும்? அக்கா சொன்ன நசுங்கு பகுதி.

கறுப்புக்கோட்டு:

மந்திரியை நான் யோசித்ததே இல்லை. ஆனால் 'பள்ளம்' என்ற சொல்லை என் முன்னால் எச்சரிக்கையாகப் பயன்படுத்துங்கள் சார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு அது ரொம்பப் பிடித்த சொல். கற்றுக்கொள்ளும் இயந்திரம் என்ன செய்யும் என்று தெரியாவிட்டாலும், 'என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது' என்பது அதை வெளியே விட்டவருக்கு நன்றாகத் தெரியும். தெரியாததை ஆட்கள் நடமாடும் இடத்தில் ஓடவிட்டது ஒரு மனிதச் செயல். நான் வழக்கை அங்கிருந்து ஆரம்பிப்பேன்.

வளையக்காரன்:

நாலு நாள் கழித்து வருகிறேன். மன்னிக்கவும்.

பழைய இரும்பு ஐயா கேட்ட கேள்விக்குப் பதில்: வெறும் வண்டியில்தான் அளந்தேன். விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் 21 சென்டிமீட்டரில் நின்றது. மேலே கொஞ்சம் சேர்த்து 25 போட்டேன். வேகத்தைக் குறைக்கவில்லை, கம்பி எதுவும் கட்டவில்லை. இரண்டாவது கையெழுத்துக் கட்டம் படிவத்தில் இருக்கிறது, அது காலியாகவே கிடக்கிறது. யாரும் கேட்கவில்லை, நானும் போய் நிற்கவில்லை.

முந்தாநாள் இரவு ஷிப்ட் முடிந்தபிறகு, திரைக்காரரையே கூப்பிட்டுக்கொண்டு போனேன். ஒரு டன் சரக்கை ஏற்றி, தரையில் நாடா ஒட்டி, காலி அட்டைப்பெட்டியை நீட்டி நீட்டி அளந்தோம். 29. அடுத்தது 31. அதற்கடுத்தும் 31. அவர் நாடாவைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. '6 சென்டிமீட்டர்' என்று மட்டும் சொன்னார். பூட்ஸில் இருந்த பள்ளத்தைக் காட்டியபோது அவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

அங்கேயே உட்கார்ந்து வளையத்தை 60-க்குத் திருப்பினேன். புது மாற்றப் படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் போதவில்லை, பின்பக்கமும் எழுதினேன். பழைய பதிவு எதையும் தொடவில்லை அக்கா. விசாரணைக் குழுவுக்கு மூன்று அளவையும், என் முதல் படிவத்தையும், அவருடைய கடிதத்தைத் திரும்பப் பெறச் சொல்லியும் மின்னஞ்சல் அனுப்பினேன். 'வழி பண்ணுங்கள்' என்றவருக்கும் நகல் போயிருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. வந்தால் என் பெயருக்கு என்ன வரும் என்று தெரியும், உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் புதன்கிழமை பார்க்கிறேன்.

படலத்தின் வாலை வெட்ட ஒரு கத்தி கேட்டு எழுதியிருக்கிறேன். அதுவரை வண்டிகள் நின்று நின்றுதான் போகும். திரைக்காரர் இன்று ஷிப்ட் முடிந்ததும் கைப்பேசியில் ஒரு எண்ணை மட்டும் அனுப்பினார்: 37.